மீந்த ஹாமில் ஆம்லெட்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: பண்டிகை விருந்துக்குச் சுட்ட ஹாமில் ஏறக்குறைய ஒரு கிலோ மீந்துவிட்டது. மறுநாள் காலையில் அதைத் துண்டு போட்டு, அடித்த முட்டையில் கலந்து, வழக்கம்போல உப்பும் மிளகும் சேர்த்து ஆம்லெட் போட்டேன். அடியில் தண்ணீர் கசிந்தது, மடிக்கும்போது கிழிந்தது, வாயில் வைக்க முடியாதபடி உப்புக் கரித்தது. தவறு எங்கே நேர்ந்தது?

பதில்: நீங்கள் மூன்று குறைகளைச் சொல்லியிருந்தாலும் மூலம் ஒன்றுதான். நறுக்கிய வெங்காயத்தைப் போடுவதுபோல ஹாமையும் நேராக முட்டையில் போட்டுவிட்டீர்கள். பன்றியின் பின்னந்தொடையை உப்பிலோ உப்புநீரிலோ ஊறவைத்துப் பதப்படுத்துவதுதான் ஹாம் என்பதால், அதற்குள் உப்பும் நீரும் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. துண்டு சூடேறியதும் அந்த நீர் வெளியே வரும். முட்டைக் கலவைக்குள் கிடந்தபடி நீரை விட்டால், அது ஆவியாக வழியில்லாமல் துண்டைச் சுற்றித் தேங்கிவிடும். தேங்கிய இடத்தில் முட்டை இறுகாது. மடிக்கும்போது சரியாக அந்த இடத்தில்தான் கிழியும்.

எனவே ஹாமைத் தனியாக, முட்டைக்கு முன்பாகவே வாணலியில் போட்டு எடுத்துவிட வேண்டும். இரண்டு முட்டைக்கு 50 கிராம் ஹாம் போதும். அதற்கு மேல் போனால் ஆம்லெட் மடியாது. அரை சென்டிமீட்டர் அளவில் சிறு கட்டங்களாக நறுக்கி, சமையலறைத் தாளால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். மேல்புறத்தில் தேனோ பழுப்புச் சர்க்கரையோ பூசிச் சுட்டிருந்தால் அந்த ஓரத்தை முழுவதும் சீவிவிடுவது முக்கியம், ஏனெனில் சர்க்கரை இறைச்சிக்கு முன்பே கருகிவிடும். ஒருமுறை நானே சோம்பலில் அதைச் சீவாமல் போட்டுவிட்டு, வாணலியின் அடியில் பிடித்த கறையை இரண்டு நாள் ஊறவைத்துத் தேய்க்க நேர்ந்தது.

வாணலியை மிதமான தீயில் வைத்து, எண்ணெய் விடாமல் ஹாமைப் பரப்புங்கள். கொழுப்பே இல்லாத பகுதியாக இருந்தால் மட்டும் சில துளி எண்ணெய் விடலாம். இனி காதுதான் கணக்கு: முதலில் நீர் கொதிக்கும் சளசளப்பு கேட்கும், இரண்டு மூன்று நிமிடங்களில் அது அடங்கி, கொழுப்பில் பொரியும் கூர்மையான சடசடப்பு தொடங்கும். அந்தச் சத்தம் மாறிய நொடியில் தட்டில் எடுத்துவிடுங்கள். நிறம் மாறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பதப்படுத்தச் சேர்க்கும் நைட்ரைட் காரணமாக ஹாம் எவ்வளவு வெந்தாலும் இளஞ்சிவப்பாகவே இருக்கும், காத்திருந்தால் தோல்போல விறைத்துப்போவதுதான் மிச்சம்.

பிறகு வாணலியைத் துடைத்துவிட்டு வெண்ணெய் போடுங்கள். அது நுரைத்து, நுரை அடங்கும் தருணத்தில் வெண்ணெயிலிருந்த நீர் போய்விட்டது என்று பொருள். அப்போது முட்டையை ஊற்ற வேண்டும். இரண்டு முட்டைக்கு 20 சென்டிமீட்டர் வாணலி பொருத்தமாக இருக்கும். வெள்ளைக்கரு ஏறத்தாழ 62 டிகிரி செல்சியசிலேயே இறுகத் தொடங்கிவிடுவதால் பெரிய தீ தேவையே இல்லை; தீ மிகுந்தால் முட்டையே தன் நீரைப் பிழிந்து வெளியேற்றும், பழி ஹாம்மீது விழும். ஓரங்களை உள்நோக்கித் தள்ளி, திரவம் வெளிப்பக்கம் ஓடும்படி வாணலியைச் சாய்த்துக்கொண்டே இருந்து, மேற்பரப்பு ஈரமாக மினுங்கினாலும் ஓடாத நிலை வந்ததும் ஒரு பாதியில் மட்டும் ஹாமைத் தூவி மறுபாதியால் மூடி, அடுப்பை அணைத்து அரை நிமிடம் விடுங்கள். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் செய்வதானால் இந்த ஈரப்பதத்தில் நிறுத்தாமல், முட்டை முழுவதும் வேகும்வரையும் ஹாம் ஆவி பறக்கச் சூடாகும்வரையும் விட வேண்டும்.

உப்பைப் பொறுத்தவரை, முட்டையில் சேர்க்கவே வேண்டாம். வதக்கிய ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள்; அதுவே கரித்தால், மீதமிருக்கும் வதக்காத துண்டுகளைக் கால் மணி நேரம் நீரில் போட்டு வடித்து, நன்றாக ஒற்றிய பிறகு வதக்கலாம். மீந்த ஹாமோடு மீந்த சீஸையும் தீர்த்துவிடலாம் என்ற சிக்கன புத்தி எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் சீஸும் உப்புப் பண்டமே என்பதால், ஒரு மேசைக்கரண்டி துருவலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: மீந்த ஹாமை எத்தனை நாள் வைத்திருக்கலாம்? நறுக்கிய பக்கத்தில் பச்சையும் ஊதாவுமாக ஏதோ மினுங்குகிறதே, கெட்டுவிட்டதா?

பதில்: அந்த மினுமினுப்பு மட்டும் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. தசை நார்களைக் குறுக்கே வெட்டிய பரப்பில் ஒளி சிதறுவதால் எண்ணெய்ப் படலம்போல நிறங்கள் தெரியும். துண்டைத் திருப்பினால் நிறமும் நகரும். கையில் பிசுபிசுவென்று வழுவழுப்பு ஒட்டினாலோ புளித்த வாடை அடித்தாலோ, யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

விருந்து மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததை எடுத்துவைக்கக் கூடாது. உடனே எடுத்துவைத்தது, 4 டிகிரி செல்சியசுக்கு மிகாத குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நான்கு நாள் தாங்கும். அதற்குள் தீராது என்று தெரிந்தால் முதல் நாளே நறுக்கி, ஓர் ஆம்லெட்டுக்கு ஒரு பொட்டலம் என்று 50 கிராமாகப் பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். ஓரிரு மாதம் சுவை குன்றாது. முந்தைய இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி இளகவிடுங்கள். உறைந்து இளகிய ஹாம் கூடுதலாக நீர் விடும் என்பதால், மேலே சொன்ன சத்தம் மாறச் சற்று நேரமாகும்.

கேள்வி: வீட்டில் எட்டுப் பேர். ஒரே பெரிய ஆம்லெட்டாகப் போட்டுப் பங்கிடலாமா?

பதில்: வேண்டாம். பதினாறு முட்டை ஒரே வாணலியில் விழுந்தால் அடிப்பக்கம் காய்ந்த பிறகும் மேல்பக்கம் பச்சையாகவே இருக்கும். ஹாமை மொத்தமாக வதக்கி வைத்துக்கொண்டு, முட்டையை ஒரு குவளையில் அடித்து, ஆளுக்கு இரண்டு முட்டை அளவு வீதம் ஊற்றித் தனித்தனியாகப் போடுங்கள். வாணலி சூடேறிவிட்டால் ஒன்றுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. சாப்பிடுகிறவர்கள் மேசையில் உட்கார்ந்த பிறகு முதல் முட்டையை ஊற்றினால் போதும்.