டார்ம்ல காய்ச்சல் வந்தா என்ன ஆகும்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, சிங்கப்பூர் வர்றதுக்கு ஐபிஏ (வேலை பெர்மிட்டுக்கு முன்னாடி வர்ற அனுமதி லெட்டர்) வந்திருச்சு, டார்ம்ல, அதான் தொழிலாளிங்க தங்குற விடுதில, ஒரு ரூம்ல 12 பேராம், ஒருத்தனுக்கு வந்தா எல்லாத்துக்கும் வருமே, கொரோனா டயத்துல நீங்கல்லாம் எப்படி தப்பிச்சீங்க, அம்மா பயந்துபோயி போகவேணாங்குறாங்கன்னு கேட்டிருந்த. இங்க வந்து 14 வருஷத்துக்கு மேல ஆச்சு, வேலை பெர்மிட்ல வந்து இப்ப அதுக்கு மேல உள்ள எஸ் பாஸ் மாறி ஈசூன்ங்குற ஏரியால வாடகை ரூம்ல இருக்கேன், ஆனா அந்த 2020 முழுக்க டார்ம்லதான் கெடந்தேன். தப்பிச்சேன்னு சொன்னா பொய். எனக்கும் வந்துச்சு.

எங்க ரூம்ல 14 பேரு, மாடிக்கட்டில், டாய்லெட் வராண்டா கடைசில, ஃப்ளோருக்கே பொது. நான் மேல் கட்டில், கீழ அறந்தாங்கிப் பக்கத்து அண்ணன் ஒருத்தரு. ஏப்ரல் 5ந்தேதி பொங்கோல்ல ஒரு டார்ம், தோ குவான்ல ஒரு டார்ம் பூட்டிட்டாங்கன்னு நியூஸ் வந்தப்ப எல்லாரும் அது அங்கதானேன்னு சோறு தின்னுக்கிட்டு இருந்தோம். 7ந்தேதி ஊரே சர்க்கியூட் பிரேக்கர், அதான் இங்கத்த லாக்டவுன். அதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே ராத்திரி ஒரு மணிக்கு என் கட்டில் ஆடுது. முதல்ல யாரோ ஏறுறான்னு நெனச்சேன், எட்டிப் பாத்தா அண்ணன் குளிர்ல நடுங்குறாரு, அந்த நடுக்கத்துல இரும்புக் கட்டில் மொத்தமும் கிடுகிடுங்குது. காலைல காய்ச்சல் பாக்குற கேட்டுக்குப் போறதுக்கு அரை மணி முன்னாடி ரெண்டு பனடால் (காய்ச்சல் மாத்திரை) போட்டாரு, நெத்தில வச்சுப் பாத்தா 36.4, லாரியில ஏறிட்டாரு. இப்படியே மூணு நாளு. பொண்ணு கல்யாணக் கடன் இருந்துச்சு, ஊருக்கு அனுப்பிருவானுங்கன்னு பயம். எனக்குத் தெரியும், நான் வாயத் திறக்கல.

அப்புறம் எங்க டார்மையும் பூட்டுனாங்க, மூக்குல குச்சி விட்டு ஸ்வாப் டெஸ்ட் எடுத்தாங்க, அவருக்கு பாசிட்டிவ். ஒரு பிளாஸ்டிக் பையில லுங்கி, சார்ஜர், பிரஷ் எடுத்துக்கிட்டு பஸ்ல ஏறிட்டாரு, செருப்பு கட்டிலுக்கு அடியிலயே கெடந்துச்சு, அத நகட்டக்கூட எவனும் தொடல. எக்ஸ்போங்குற பெரிய கண்காட்சி ஹால்ல வச்சிருந்தாங்க. குணமானதும் நேரா டார்முக்கு விடாம கொஞ்ச பேர டூரிஸ்ட் கப்பல்ல தங்க வச்சாங்க பாரு, அதுல இவரும் ஒருத்தரு. கப்பல் ரூம்லருந்து வீடியோ கால் போட்டதுல ஊர்ல பாதிப் பேரு இவரு உல்லாசமா டூர் போயிட்டாருன்னே நெனச்சுட்டாங்க, சம்சாரம் சண்டைக்கு வந்திருச்சாம்.

அவரு மேல எனக்கு கோவம் இருந்துச்சு, ரொம்ப நாளு. ஆனா இத எழுதும்போது சொல்லித்தான் ஆகணும், நானும் அதேதான் பண்ணேன். அவரு போயி ஒரு வாரத்துல கேட்டரிங் சாப்பாடு வாயில வைக்க முடியல (முதல் கொஞ்ச நாள் வந்த சாப்பாட்ட பத்தி தனியாத்தான் எழுதணும்), அம்மா குடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகா டப்பாவ திறந்தேன். வாசனை இல்ல. மூக்குல ஒட்டுற மாதிரி வச்சேன், ஒண்ணுமே இல்ல. பக்கத்துக் கட்டில் பய “என்னண்ணே தனியா தின்னுறிய, எனக்கும் போடுங்க”ங்குறான், அவனுக்கு அந்தக் கோடி வரைக்கும் மணக்குது. நாலு நாள் அப்படியே இருந்துச்சு. காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல. ஃபோன் ஆப்புல தினம் ரெண்டு தடவ டெம்பரேச்சர் போடணும், சரியாப் போட்டேன், வேற ஒண்ணும் இல்லன்னு அமுக்கிட்டேன். சொன்னா பஸ்ல ஏத்திருவாங்கன்னு அதே பயம்தான். எங்க ரூம்ல அப்புறம் அஞ்சு பேருக்கு வந்துச்சு, அதுல யாருக்கு யாரால வந்துச்சுன்னு எவன் கண்டான்.

ஸ்வாப் எனக்கு நெகட்டிவ்வே வந்துச்சு. ஜூலைல ரத்தம் எடுத்தாங்க, அதுல தெரிஞ்சிருச்சு உனக்கு ஏற்கெனவே வந்து போயிருச்சுன்னு. நான் மட்டும் இல்ல, அந்த டிசம்பர்ல கவர்மெண்ட் வெளியிட்ட கணக்குப்படி டார்ம்ல இருந்தவங்கள்ல 47 சதவீதம் பேருக்கு வந்திருந்துச்சு, ஸ்வாப்ல மாட்டுனவங்க 54,000 சொச்சம், ரத்தத்துல மட்டும் தெரிஞ்சவங்க 98,000 சொச்சம். எல்லாம் வயசுப் பயலுக, அதனால உயிருக்கு ஆனது ரொம்பக் கம்மி. மனசுதான் போச்சு. பேசிக் சம்பளம் வந்துச்சு, ஓடி (ஓவர்டைம்) இல்ல, வைத்தியச் செலவு கையிலருந்து ஒரு காசு போகல, ஆனா நாலு மாசம் ஒரே வராண்டா, ஒரே ஜன்னல். அப்புறமும் டார்ம் விட்டா வேல நடக்குற சைட்டு, சைட்டு விட்டா டார்ம். 2021 செப்டம்பர்ல வாரத்துக்கு 500 பேர தேக்கா (லிட்டில் இந்தியா) மாதிரி இடங்களுக்கு விட்டுப் பாத்தாங்க, என் முறை வந்து நான் போனது 2022ல. வீரமாகாளியம்மன் கோயில் வாசல்ல நின்னு ஏன் அழுவுறோம்னு தெரியாம அழுதேன், பக்கத்துல நின்ன பங்களாதேஷ் பையன் டிஷ்யூ குடுத்தான். எனக்குக் கொரோனா ரெண்டாவது தடவ வந்தப்ப மூணு நாள் ஜலதோசம் மாதிரி, அத யாரும் பெருசா எடுத்துக்கல.

சரி உன் விசயத்துக்கு வர்றேன். இப்ப நிலைமை அன்னைக்கு மாதிரி இல்ல. 2021க்கு அப்புறம் புதுசா கட்டுற டார்முக்கு ரூமுக்கு 12 பேருக்கு மேல கூடாது, கட்டிலுக்கு நடுவுல 1 மீட்டர் இடம், டாய்லெட் ரூமோடவே. பழைய டார்ம் எல்லாம் ஒரே நாள்ல மாறிடாது, அதனால கம்பெனில எந்த டார்ம்னு கேட்டுக்க, கேக்குறது தப்பில்ல. உடம்பு சரியில்லன்னா கம்பெனி கட்டுற மெடிக்கல் பிளான் இருக்கு, அதுக்குன்னு இருக்கிற மெடிக்கல் சென்டருக்குப் போனா நம்ம கையிலருந்து 5 டாலர், ஃபோன்ல டாக்டர பாத்தா 2 டாலர். டாக்டர் எம்சி (லீவுக்கான மெடிக்கல் சர்டிபிகேட்) குடுத்தா ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கிட்டு அன்னைக்கே சூப்பர்வைசருக்கு அனுப்பிரு, 48 மணி நேரத்துக்குள்ள சொல்லியாகணும். சம்பளத்தோட எம்சி லீவு 3 மாசம் வேல பாத்த அப்புறம்தான் ஆரம்பிக்கும், முதல்ல 5 நாளு, 6 மாசம் முடிஞ்சா வருசத்துக்கு 14 நாளு. அதனால முதல் 3 மாசம் காய்ச்சல் வந்தா மறைக்கத் தோணும், எனக்குத் தெரியும், ஒரு நாள் பேசிக் போனா போகுதுன்னு படு. பனடால் போட்டுக்கிட்டு உயரத்துல ஏறி வேல பாக்குறது நோயவிட மோசம், தல சுத்துனா கீழதான்.

வரும்போது ஒரு சின்ன தெர்மாமீட்டர் எடுத்துக்க, கட்டிலுக்கு மறைப்பு கட்ட ஒரு பழைய வேட்டி, ஊறுகா டப்பாவ நல்லா டேப் சுத்தி வை, போன தடவ ஒரு பய சட்ட பூரா எண்ணெயாயிட்டு வந்தான். அம்மாட்ட நான் பேசணும்னாலும் பேசுறேன், மெசேஜ்ல நம்பர் அனுப்பு. டார்ம் பேரு தெரிஞ்சதும் அதையும் அனுப்பு, அங்க நம்ம பயலுக யாராவது இருப்பானுங்க, ரூமுக்கு எத்தன பேருன்னு விசாரிச்சு சொல்றேன்.