வலிப்பு மாத்திரையும் வேலைக்கான டிரக் டெஸ்ட்டும்

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. 17 வயதிலிருந்து வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறான். காலையும் இரவும் லெவெடிராசிட்டம், இரவில் மட்டும் குளோபசாம் 10 மி.கி. மூன்று வருடமாக ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. சேருவதற்கு முன்பு அவர்கள் சொல்லும் லேபில் ‘10 பேனல் டிரக் டெஸ்ட்’ எடுக்க வேண்டுமாம். அமெரிக்க கிளையன்ட் கேட்கிறார்கள் என்கிறார்கள். குளோபசாம் இதில் தெரியுமா? ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட்டால் தப்பிக்கலாமா? கசகசா சாப்பிட்டாலே பாசிட்டிவ் வரும் என்று சொந்தக்காரர் ஒருவர் பயமுறுத்துகிறார். வேலை கேட்டு வருகிறவர்களை இப்படிச் சோதிக்க இவர்களுக்கு உரிமை இருக்கிறதா டாக்டர்?
– ஒரு தந்தை, ஈரோடு

பதில்: மற்றதெல்லாம் அப்புறம். மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஒரு வாரம் வேண்டாம், ஒரு வேளைகூட வேண்டாம்.

குளோபசாமைத் திடீரென்று நிறுத்தினால், அதுவரை அடங்கிக் கிடந்த வலிப்பு முன்பைவிட வேகமாகத் திரும்பி வரலாம். சிலருக்கு ஒன்று முடிவதற்குள் அடுத்தது என்று விடாமல் வரும். அது ஐ.சி.யூ.வில் கொண்டுபோய் விடும் நிலை. மூன்று வருடம் கட்டிக்காத்ததை ஒரு டெஸ்ட்டுக்காக உடைக்கக் கூடாது. நிறுத்தியும் பலன் இல்லை என்பது இன்னொரு விஷயம். குளோபசாம் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 36 முதல் 42 மணி நேரம் ஆகும். ஈரல் அதை உடைத்து உண்டாக்கும் இன்னொரு பொருளுக்கோ 70 முதல் 80 மணி நேரம். ஒரு வாரம் கழித்தும் சிறுநீரில் மிச்சம் இருக்கும். ஆக, வலிப்பும் வரும், பாசிட்டிவும் வரலாம்.

குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும் யோசனையும் உங்களுக்கு வந்திருக்கும், எல்லோருக்கும் வருகிறது. சிறுநீரில் கிரியேட்டினின் என்ற உடல் கழிவுப்பொருளின் அளவும் அடர்த்தியும் பார்ப்பார்கள். கப்பின் வெளியே ஒட்டியிருக்கும் சின்னப் பட்டை வெப்பநிலை காட்டும். மிகவும் நீர்த்துப் போயிருந்தால் திரும்பக் கொடுக்கச் சொல்வார்கள், கூடவே சந்தேகமும் வரும். மறைப்பதற்கு எதுவுமே இல்லாத உங்கள் பையன் எதற்கு மறைக்கிறவன் மாதிரி நடந்துகொள்ள வேண்டும்?

சரி, குளோபசாம் தெரியுமா? 10 பேனல் என்றால் பத்து வகை. கஞ்சா, கொக்கைன், ஆம்ஃபெட்டமின், ஓபியேட் (அபினி வகை) ஆகியவற்றோடு பென்சோடயசபைன், பார்பிச்சுரேட் என்று தூக்கம், பதற்றம், வலிப்புக்குக் கொடுக்கும் மருந்து வகைகளும் வழக்கமாக அதில் இருக்கும். குளோபசாம் பென்சோடயசபைன் குடும்பத்தைச் சேர்ந்தது. எல்லா டெஸ்ட் கிட்டும் அதை ஒரே மாதிரி பிடிப்பதில்லை, ஆனால் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டே தயாராவது நல்லது. லெவெடிராசிட்டம் பற்றிக் கவலை வேண்டாம், இந்தப் பத்தில் அது கிடையாது.

கசகசா விஷயத்தில் உங்கள் சொந்தக்காரர் சொல்வது பாதி உண்மை. கசகசா அபினிச் செடியின் விதை. விதைக்குள் போதை இல்லை, ஆனால் காயின் பால் விதைமேல் ஒட்டிக் காய்ந்திருக்கும். அதில் மார்ஃபின் இருக்கும். ஊறவைத்துக் கழுவி, வறுத்து அரைத்தால் நிறையக் குறையும். குருமாவில் ஒரு ஸ்பூன் போடுவதற்கும், மில்க் ஷேக்கில் கைப்பிடி கைப்பிடியாகப் போடுவதற்கும் வித்தியாசம் உண்டு. அமெரிக்க அரசின் டெஸ்ட்டில் ஓபியேட் பாசிட்டிவ் என்று சொல்வதற்கான வரம்பு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமாக இருந்தது. இந்த மாதிரி விதை தின்றவர்கள் மாட்டிக்கொண்டதால் 1998-ல் அதை 2000 ஆக உயர்த்தினார்கள். அப்படியும், 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் படையினரைக் கசகசா சாப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. நம் ஊரில் கிடைக்கும் கிட்டுகளில் பழைய 300 வரம்பு உள்ளவையும் புழங்குகின்றன. அதனால் டெஸ்ட்டுக்கு மூன்று நாள் முன்பிருந்து வீட்டில் கசகசா இல்லாத குருமா வையுங்கள். தேங்காயும் பொட்டுக்கடலையும் போதும்.

இருமல் சிரப்பிலும் கவனம் தேவை. கோடீன் உள்ள சிரப் குடித்தால் ஓபியேட் பாசிட்டிவ் வரும், அது பொய்யும் அல்ல. லீவோஃபிளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் சில கிட்டுகளில் ஓபியேட் மாதிரி வேஷம் போடும். மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் ஆம்ஃபெட்டமின் மாதிரி தெரியும். மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் செர்ட்ரலின் பென்சோடயசபைன் மாதிரி தெரிந்ததுண்டு. சளி, காய்ச்சல் என்று மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இந்த டெஸ்ட் நடக்கும் விதத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கம்பெனிகளுக்கு மெடிக்கல் செக்கப் செய்து கொடுக்கும் ஒரு லேபில் இரண்டு வருடம் கையெழுத்துப் போடும் டாக்டராக இருந்தேன். சீட்டுக்கட்டு அளவில் ஒரு பிளாஸ்டிக் கார்டு, அதில் வரிசையாகச் சன்னல்கள். சிறுநீரில் தோய்த்து ஐந்து நிமிடம் வைத்தால் கோடுகள் வரும். கர்ப்பப் பரிசோதனையில் இரண்டாவது கோடு வந்தால் பாசிட்டிவ் அல்லவா? இதில் நேர் தலைகீழ். கோடு வந்தால் நெகட்டிவ், வராவிட்டால்தான் பாசிட்டிவ். எவ்வளவு மங்கலாக வந்தாலும் கோடு கோடுதான், நெகட்டிவ்தான். ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன் ஒரு பையனுக்கு மங்கலான கோட்டைப் பார்த்துவிட்டு ‘ஓபியேட் பாசிட்டிவ்’ என்று டைப் செய்துவிட்டார். கார்டை வாங்கி ட்யூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தேன். கோடு இருந்தது. ஆனால் ரிப்போர்ட் என் மேஜைக்கு வருவதற்கு முன்பே மெயிலில் கம்பெனி எச்.ஆருக்குப் போய்விட்டது. நான் போன் செய்து விளக்கியபோது, “அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டோம் டாக்டர்” என்றார்கள். அந்தப் பையனுக்குக் காரணம்கூடச் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. அந்த மாதக் கடைசியில் நான் அங்கிருந்து விலகிவிட்டேன். அதனால் அவனுக்கு ஒன்றும் லாபம் இல்லை.

கார்டு டெஸ்ட் என்பது வடிகட்டி மட்டும்தான். அதில் பாசிட்டிவ் வந்தால் அதே சிறுநீரை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் மறுபடி பார்த்து, எந்தப் பொருள், எவ்வளவு என்று உறுதி செய்ய வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. வேலைக்கு 1000 பேர் வருகிறார்கள், அதில் நிஜமாகவே போதைப்பொருள் பழக்கம் உள்ளவர்கள் 10 பேர் என்று வையுங்கள். கிட் அதில் 9 பேரைப் பிடிக்கிறது, மற்றவர்களில் நூற்றுக்கு 3 பேரைத் தவறாகப் பிடிக்கிறது. 990 பேரில் 3 சதவீதம் கிட்டத்தட்ட 30. ஆக பாசிட்டிவ் வந்த 39 பேரில் 30 பேர் ஒரு பாவமும் அறியாதவர்கள். உறுதி செய்யும் டெஸ்ட்டுக்குச் செலவு அதிகம் என்று பல இடங்களில் அதைச் செய்வதில்லை.

உங்கள் மகன் விஷயத்தில் அந்த உறுதி டெஸ்ட்டும் காப்பாற்றாது, ஏனென்றால் குளோபசாம் நிஜமாகவே உள்ளே இருக்கிறது. அவனுக்குத் தேவை இயந்திரம் அல்ல, நடுவில் ஒரு டாக்டர். அமெரிக்க அரசு கட்டாயமாக்கியிருக்கும் டெஸ்ட்டில் அப்படி ஒரு டாக்டர் உண்டு. லேப் முடிவு நேராகக் கம்பெனிக்குப் போகாது, அவரிடம்தான் போகும். அவர் சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டுப் பேசி, மருந்துச் சீட்டைச் சரிபார்த்து, மருந்துக்கு நியாயமான காரணம் இருந்தால் கம்பெனிக்கு ‘நெகட்டிவ்’ என்றே அனுப்புவார். என்ன நோய் என்று பொதுவாக முதலாளிக்குத் தெரியாது. இன்னொன்றும் சொல்கிறேன், சிரிப்பீர்கள். லாரி டிரைவர், விமானி ஆகியோருக்கு அங்கே அரசு கட்டாயமாக்கியிருக்கும் பட்டியலில் பென்சோடயசபைனே கிடையாது. விமானம் ஓட்டுகிறவரிடம் கேட்காததைக் கீபோர்டு தட்டுகிறவனிடம் கேட்கிறார்கள்.

இந்தச் சடங்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் புரியும். 1986-ல் அதிபர் ரீகன் மத்திய அரசு ஊழியர்களுக்காக ஓர் உத்தரவு போட்டார். 1987 ஜனவரியில் மேரிலாந்து மாநிலத்தில், சிக்னலைத் தாண்டி வந்த சரக்கு ரயில் என்ஜின்கள்மேல் ஒரு பயணிகள் ரயில் மோதி 16 பேர் இறந்தார்கள். என்ஜின்களை ஓட்டியவர்கள் கஞ்சா பிடித்திருந்தது தெரியவந்தது. 1991-ல் போக்குவரத்துத் துறை ஊழியர்களுக்கு டெஸ்ட் கட்டாயமானது. அதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. பிறகு அந்தப் பழக்கம் குமாஸ்தா வேலைவரை பரவி, கிளையன்ட் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக ஒட்டிக்கொண்டு நம் ஊருக்கு வந்துவிட்டது. நடுவில் இருந்த டாக்டர் மட்டும் வழியிலேயே இறங்கிவிட்டார். அங்கேயோ, கஞ்சாவைப் பொறுத்தவரை பின்வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். நியூயார்க் நகரத்தில் 2020 முதல் பெரும்பாலான வேலைகளுக்குச் சேருமுன் கஞ்சா டெஸ்ட் கூடாது. கலிஃபோர்னியாவில் 2024 முதல், போதை தராத பழைய மிச்சம் சிறுநீரில் இருப்பதை வைத்து வேலை மறுக்கக் கூடாது என்று பொதுவான சட்டம்.

உரிமை இருக்கிறதா என்று கேட்டீர்கள். நம் நாட்டில் விமானிகள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் போன்றோருக்கு டி.ஜி.சி.ஏ. என்ற விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி இருக்கிறது, 2022 ஜனவரி 31 முதல் நடப்பில் உள்ளது. அதில்கூட உறுதி டெஸ்ட் உண்டு, முதல் தடவை மாட்டினால் சிகிச்சைக்கு அனுப்பச் சொல்கிறது. தனியார் ஆபீஸ் வேலைக்கு ‘செய்யலாம்’ என்றோ ‘கூடாது’ என்றோ தனிச் சட்டம் இல்லை. எச்.ஐ.வி.க்கு இருக்கிறது. வேலை கொடுக்க எச்.ஐ.வி. டெஸ்ட்டை நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்தது. இதற்கு அப்படி ஒன்று வராததால் எல்லாம் ஒரு கையெழுத்தில் நடக்கிறது. சம்மதப் படிவம் என்று நீட்டுவார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் வேலை இல்லை என்ற இடத்தில் அதற்குப் பெயர் சம்மதமா?

என் கருத்தை மறைக்கவில்லை. பஸ், கிரேன், கப்பல், விமானம் இவற்றை ஓட்டுகிறவர்களைச் சோதிக்கட்டும், முறையாகச் சோதிக்கட்டும். மேஜை வேலைக்கு வருகிறவரின் சிறுநீர் முதலாளிக்குத் தேவையில்லை. ஆள் இப்போது நிதானத்தில் இருக்கிறாரா என்பதைச் சிறுநீர் சொல்லாது, எப்போதோ என்ன உள்ளே போனது என்பதைத்தான் சொல்லும். தினமும் கஞ்சா பிடித்தவர் நிறுத்தி ஒரு மாதம் ஆன பிறகும் மாட்டலாம். ஹோலிக்கு வாரணாசி போய் அரசு உரிமம் பெற்ற கடையில் கஞ்சா இலையில் செய்யும் பாங் குடித்தவரும் மாட்டுவார். கொக்கைன் எடுத்தவர் நான்கு நாள் பொறுத்தால் பெரும்பாலும் தப்பித்துவிடுவார். மதுவோ பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் கரைந்துவிடும், இந்தப் பத்துப் பட்டியலில் பெரும்பாலும் அது இருப்பதும் இல்லை. 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட எய்ம்ஸ் ஆய்வின்படி நம் நாட்டில் மது குடிப்பவர்கள் 14.6 சதவீதம், கஞ்சா வகை எடுப்பவர்கள் 2.8 சதவீதம். ராத்திரி முழுக்கக் குடித்தவர் மறுநாள் சாயங்காலம் ‘க்ளியர்’. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுத் தூங்கியவன் ‘பாசிட்டிவ்’.

கருத்து கிடக்கட்டும், உங்களுக்கு வேலை நடக்க வேண்டும். ஒரு கடிதம் வாங்குங்கள். வழக்கமாகப் பார்க்கும் நரம்பியல் டாக்டரின் லெட்டர்பேடில் வேண்டாம், மேலே உள்ள பெயரே நோயைச் சொல்லிவிடும். உங்கள் குடும்ப டாக்டர், மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு, ‘இவர் மருத்துவ ஆலோசனைப்படி பென்சோடயசபைன் வகை மருந்து எடுத்து வருகிறார், பரிசோதனையில் அது தெரியலாம், அலுவலக வேலைக்குத் தகுதியானவர்’ என்று எழுதினால் போதும். நோயின் பெயர் வேண்டாம். அந்தக் கடிதத்தை எச்.ஆரிடம் கொடுக்காதீர்கள். ஒட்டிய கவரில், லேபில் கையெழுத்துப் போடும் டாக்டர் பார்வைக்கு என்று எழுதிக் கொடுங்கள். பாசிட்டிவ் வந்தால் கம்பெனிக்கு அனுப்பும் முன் தன்னைக் கூப்பிடச் சொல்லி மகன் கேட்கட்டும். ரிப்போர்ட்டின் நகல் தனக்கும் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கட்டும். மருத்துவ வரலாறு கேட்கும் படிவம் ஏதாவது தந்தால் பொய் எழுத வேண்டாம், பின்னால் அதையே காரணமாக்குவார்கள். அந்தப் படிவத்தை எனக்கு அனுப்புங்கள், கேள்வியைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

டெஸ்ட்டுக்கு முந்தின இரவு ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் கண்விழித்துப் போக வேண்டாம். தூக்கம் கெட்டால் வலிப்பு வரலாம். முதல் நாளே போய்ச் சேர்ந்து தூங்கட்டும். வெறும் வயிறு தேவையில்லை. காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நாலு இட்லி சாப்பிட்டுவிட்டே லேபுக்குப் போகட்டும்.