சின்னக் கப்பலா, பெரிய கப்பலா? கேட்டவையும் சொன்னவையும்

சின்னது, பெரியது என்று இரண்டு வகைச் சுற்றுலாக் கப்பலிலும் வேலை பார்த்தவள் என்பதால் இந்தப் பகுதிக்கு என்னைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். கம்பெனி பெயர் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். மற்றதைக் கேளுங்கள்.

அலைமகள்: அக்கா, சின்னக் கப்பல் என்றால் எத்தனை பேர் வரை? 900 பேர் ஏறும் கப்பலையும் 'சின்னது' என்று விளம்பரம் செய்கிறார்களே?

விளம்பரத்துக்கு என்ன, எதையும் சொல்லும். 2024இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் என்ற ராட்சதக் கப்பலில் நெருக்கி ஏற்றினால் 7,600 பயணிகள். அதன் பக்கத்தில் 900 சின்னதுதான். ஆனால் எது சின்னது என்பதை முடிவு செய்வது நீங்கள் போகிற இடம். அண்டார்டிகாவில் 500 பயணிகளுக்கு மேல் ஏற்றி வரும் கப்பலிலிருந்து ஒருவர்கூடக் கரையில் கால் வைக்க முடியாது. ஈக்வடாரின் கலாபகோஸ் தீவுகளில் ஒரு கப்பலுக்கு உச்ச வரம்பே 100 பயணிகள். வட துருவப் பக்கம் நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுகளின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 2025 முதல் 200.

இன்னொன்று. அண்டார்டிகாவில் ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகள்தான் இறங்கலாம். 190 பேர் உள்ள கப்பல் என்றால் இரண்டு அணி. ஓர் அணி கரையில், மற்றது ரப்பர் படகில் சுற்றும், அப்புறம் மாற்றிக்கொள்வார்கள். 480 பேர் என்றால் ஐந்து அணி. உங்கள் அணியைக் கூப்பிடும்வரை பூட்ஸும் லைஃப் ஜாக்கெட்டும் மாட்டிக்கொண்டு கேபின் கட்டிலில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இரண்டு கப்பலும் 'கரையிறங்கல் உண்டு' என்றுதான் அச்சடிக்கும். அதனால் பயணிகள் எண்ணிக்கையைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஜன்னலோரம்: சின்னக் கப்பல் ரொம்ப ஆடுமா? எனக்குப் பஸ்ஸிலேயே வாந்தி வரும்.

ஆடும். பெரிய கப்பலைவிட நிச்சயம் அதிகம். ஆட்டத்தைக் குறைக்க ஸ்டெபிலைசர் துடுப்புகள் இருக்கிறதே என்பார்கள். அவை பெரும்பாலும் கப்பல் ஓடும்போதுதான் ஒழுங்காக வேலை செய்யும், நங்கூரம் போட்டு நிற்கும்போது அவ்வளவாக உதவாது. கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேபின் எடுங்கள். பால்கனிக்கு ஆசைப்பட்டு மேலே முன்முனையில் எடுத்தவர்கள்தான் முதலில் படுப்பார்கள். மாத்திரை பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு. ஆறுகளிலும், மலைகளுக்கு நடுவே நீளமாக நுழையும் ஃபியோர்டு என்ற கடல் நீர்வழிகளின் உட்பகுதியிலும் இந்தக் கவலையே வேண்டாம். தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவில் உள்ள டிரேக் நீரிணை வேறு கதை, போக இரண்டு நாள், திரும்ப இரண்டு நாள்.

மூத்த மகள்: அம்மாவுக்கு 76 வயது, இதய நோயாளி. கூட்டம் பிடிக்காது என்பதால் 40 பேர் போகும் கப்பல் பார்த்து வைத்திருக்கிறேன். சரியா அக்கா?

அவசரப்படாதீர்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, பயணிகளும் ஊழியர்களும் சேர்த்து 100 பேரோ அதற்கு மேலோ இருந்து, மூன்று நாளுக்கு மேற்பட்ட சர்வதேசப் பயணம் போகும் கப்பலில் டாக்டர் கட்டாயம் இருக்க வேண்டும். உங்கள் 40 பேர் கப்பல் ஊழியர்களைச் சேர்த்தாலும் அந்தக் கணக்குக்குள் வராமல் போகலாம். டாக்டர் இருக்கிறாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லிஃப்ட் இருக்கிறதா என்றும் கேளுங்கள், பல சின்னக் கப்பல்களில் இருக்காது. ரப்பர் படகில் ஏறுவது எப்படி என்றால், அலையில் ஏறி இறங்கும் படகைப் பார்த்து நிற்க வேண்டும். மாலுமி உங்கள் உள்ளங்கையைப் பிடிக்க மாட்டார், முழங்கைக்குக் கீழே பிடிப்பார், நீங்களும் அவர் கையை அப்படியே பிடிக்க வேண்டும், 'இப்போ' என்றதும் காலை வைக்க வேண்டும். அம்மாவால் அது முடியுமா?

முடியாது என்றால் பெரிய கப்பலில் அமைதியான தளத்தில் ஒரு கேபின் எடுங்கள், கூட்டத்திலிருந்து தப்பிக்கலாம். எதில் போனாலும், நோயாளியைக் கப்பலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவை ஏற்கும் இன்சூரன்ஸ் கட்டாயம். ஏற்கெனவே உள்ள நோயை மறைக்காமல் எழுதுங்கள்.

இரட்டைவால்: 8, 11 வயதில் இரண்டு பையன்கள்.

பெரிய கப்பல். சறுக்கு, குளம், அவர்கள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான்.

பச்சைக்கொடி: சின்னக் கப்பல்தான் சுற்றுச்சூழலுக்கு நல்லது. அதை ஏன் நீங்கள் சொல்லவே இல்லை?

உண்மையில்லை என்பதால்தான். எரிபொருளைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள், 100 பேருக்காக ஓடும் எஞ்சின் பெரும்பாலும் தோற்கும். அந்தக் கப்பலைப் பிடிக்க உலகத்தின் அந்தக் கோடிக்கு நீங்கள் விமானத்தில் போவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பச்சைக்கொடி: அப்படியானால் வெனிஸ் ஏன் பெரிய கப்பலைத் துரத்தியது?

2021 ஆகஸ்டிலிருந்து 25,000 டன்னுக்கு மேற்பட்டவை ஊர் நடுவிலுள்ள சான் மார்கோ சதுக்கத்தின் முன்னால் போகக் கூடாது என்றார்கள், சரியான முடிவு. அது நகரத்துக்கும் காயலுக்கும் வரும் சேதம் பற்றியது. ஊருக்குச் செய்யும் சேதம் ஒரு கணக்கு, காற்றில் விடும் புகை இன்னொரு கணக்கு. முதல் கணக்கில் சின்னக் கப்பலுக்கு ஜெயம், இரண்டாவதில் இல்லை.

பாய்மரம்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நார்வேயின் உலகப் பாரம்பரிய ஃபியோர்டுகளில் 10,000 டன்னுக்குக் குறைந்த கப்பல்கள் 2026 முதலே உமிழ்வின்றி ஓட வேண்டும். பெரியவற்றுக்கு 2032 வரை அவகாசம். சின்னதைத்தான் சீக்கிரம் மாற்ற முடியும் என்றுதானே அர்த்தம்?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். பேட்டரியில் ஓடும் சின்னக் கப்பல் கிடைத்தால் அதில் போங்கள், நானே பெட்டி தூக்கி விடுகிறேன். பச்சைக்கொடி சொல்வது டீசலில் ஓடும் 100 பேர் கப்பலை.

பச்சைக்கொடி: அண்டார்டிகாவில் கனரக எரிபொருள் எண்ணெய்க்குத் தடை இருக்கிறதே!

2011 முதல் இருக்கிறது, பெரிய கப்பலுக்கும் சேர்த்துத்தான். சட்டம் போட்டதற்குக் கப்பலுக்கு நற்சான்று தர முடியாது. இத்துடன் இதை விடுவோம், பாக்கிப் பேர் காத்திருக்கிறார்கள்.

நீலவானம்: சின்னக் கப்பல் ஆடுமா?

மேலே ஜன்னலோரத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தனிவழி: தனியாகப் போகிறேன், இருவர் கட்டணம் கேட்கிறார்கள்.

கேபின் இருவருக்கானது என்பதால் அப்படித்தான் கேட்பார்கள். ஒருவருக்கான கேபின் சில கப்பல்களில் உண்டு, சீக்கிரம் தீர்ந்துவிடும். முன்பின் தெரியாத ஒருவரோடு கேபினைப் பகிரச் சம்மதித்தால் கூடுதல் கட்டணத்தை விட்டுவிடும் நிறுவனங்களும் உண்டு.

கலங்கரை: விசா எப்படி எடுப்பது?

தூதரகத்தைக் கேளுங்கள்.

ஐயம்: சின்னது மூழ்கினால்?

2007இல் அண்டார்டிகா அருகே எக்ஸ்ப்ளோரர் என்ற சின்னக் கப்பல் பனிக்கட்டியில் அடிபட்டு மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் உயிர்காக்கும் படகுகளில் இறங்கினார்கள், இன்னொரு கப்பல் சில மணி நேரத்தில் வந்து ஏற்றிக்கொண்டது. வராமல் போயிருந்தால் என்ற கேள்வியோடுதான் அந்தப் பக்கம் எல்லாரும் போகிறோம். பாதுகாப்புப் பயிற்சி நடக்கும்போது போனைப் பார்க்காதீர்கள். இன்சூரன்ஸ், மறுபடியும் சொல்கிறேன்.

முதல்பயணம்: ரொம்ப ஆடுமா அக்கா?

ஆடும்.

வரைபடம்: இரண்டு பயண நிரல் கையில் இருக்கிறது. பெரிய கப்பலில் ஏழு நாளில் ஆறு துறைமுகம், எல்லாம் காலை 8 முதல் மாலை 5 வரை. சின்னதில் நான்குதான், ஆனால் இரண்டு ஊரில் இரவு தங்கல். எது?

இரண்டாவது, யோசிக்கவே வேண்டாம். பெரிய கப்பல் சில இடங்களில் கரைக்கு வராது, நடுவில் நங்கூரம் போட்டு டெண்டர் என்ற சிறு படகில் ஏற்றி இறக்குவார்கள். அங்கெல்லாம் வரிசையில் நிற்கும் நேரத்தைக் கழித்தால் உங்கள் ஒன்பது மணி நேரம் ஆறாகிவிடும். சின்னக் கப்பலின் இரவுத் தங்கல் எந்த இரண்டு ஊரில் என்று மட்டும் எழுதுங்கள். ஊருக்கு வெளியே சரக்குத் துறையில் கட்டுவார்கள் என்றால் அப்புறம் வேறு கணக்குப் போட வேண்டும்.