மகள் சட்டம் படிக்கட்டும், தங்கச்சி

ஜேர்மனியின் டோர்ட்முண்டிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். மகளுக்கு அபித்தூரில், அதாவது பள்ளி இறுதித் தேர்வில், 1.9 (இங்கே 1.0தான் உச்சப் புள்ளி). இந்தப் புள்ளிக்கு இங்கே மருத்துவத்துக்கு இடம் கிடைக்காது என்று தெரிந்த கிழமையே ஒரு முகவர் வீடு தேடி வந்துவிட்டார். ஹங்கேரியில் ஆறு வருடம், கட்டணம் மட்டும் 90,000 யூரோவுக்கு மேல். பாதிக் காசைக் கடனாகத் தருவதாக லண்டனில் இருக்கும் அண்ணா சொல்கிறார். மகளோ, இணையத்துக்கான சட்டம்தான் படிப்பேன் என்று சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாளாம். "அப்படி ஒரு படிப்பு இருக்கிறதா? அதில் சோறு கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. இருந்தாலும் நேராகவே சொல்கிறேன், முகவரின் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். மருத்துவம் நல்ல படிப்பு. ஆனால் அதை விரும்பாத பிள்ளைக்குக் கடன்பட்டு வாங்கிக் கொடுக்கிற பொருள் அல்ல. பிள்ளை மூன்றாம் வருடம் விட்டுவிட்டு வந்தால் கட்டிய காசு திரும்பாது. அண்ணாவின் கடன் மட்டும் அப்படியே இருக்கும், ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அதைப் பற்றிக் கதைப்பார்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நீங்கள் சும்மா தாண்டிப் போயிருக்கிறீர்கள். மகள் பள்ளியில் ருமேனியத் தேர்தலைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினாள், ஆசிரியர் வியந்துபோனார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியைத்தான் இரண்டு தரம் வாசித்தேன். ருமேனியாவில் 2024 டிசம்பர் 6 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம், இணையப் பிரசாரத்தில் முறைகேடு என்று சொல்லி, ஜனாதிபதித் தேர்தலையே ரத்துச் செய்தது. பதினொரு நாள் கழித்து ஐரோப்பிய ஆணையம் டிக்டொக் மீது முறையான விசாரணை தொடங்கியது. தேர்தலுக்கு வரக்கூடிய ஆபத்தை அந்தத் தளம் சரியாகக் கணக்கிட்டுத் தடுத்ததா என்பதே கேள்வி. அப்படிக் கேட்கும் அதிகாரத்தைக் கொடுத்தது ஐரோப்பாவின் டிஜிட்டல் சேவைகள் சட்டம். மாதம் 45 மில்லியன் ஐரோப்பியப் பயனாளர்களுக்கு மேல் வைத்திருக்கும் தளங்கள் அதன் கடுமையான பிரிவுகளுக்குள் வரும். மீறினால் உலக வருமானத்தில் 6 சதவீதம் வரை தண்டம். இதையெல்லாம் கொம்பியூட்டர் தானாகச் செய்யாது. சட்டம் படித்த ஒருவர் கோப்பைத் திறந்து, கேள்வி எழுதி, பதிலை வரிக்கு வரி சரிபார்க்க வேண்டும்.

அந்த வேலைக்குப் பிரசெல்ஸ் வரைக்கும் போகத் தேவையில்லை. ஜேர்மனியில் அந்தச் சட்டத்தை ஒருங்கிணைக்கும் மத்திய வலையமைப்பு ஆணையம் பொன் நகரில் இருக்கிறது. மத்திய தரவுப் பாதுகாப்பு ஆணையரின் அலுவலகமும் அங்கேதான், தகவல் பாதுகாப்புக்கான மத்திய அலுவலகமும் அங்கேதான். நமது நோர்த்ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்தின் தரவுப் பாதுகாப்பு அலுவலகம் டுசெல்டோர்பில். அப்புறம், உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் போஹுமில் டிஜிட்டல் இறைமைக்கான மையம் என்று ஒன்று இருக்கிறது. அரசு அலுவலகங்கள் ஒரே அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருளில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, திறந்த மூல மென்பொருளை, அதாவது நிரலை யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருளை, கொண்டுவருவது அதன் வேலை. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 30,000 அரசுக் கணினிகளில் மைக்ரோசொப்ட் ஆபீசை விட்டு லிப்ரே ஆபீசுக்கு மாறப்போவதாக 2024இல் அறிவித்தது. இதற்கும் நிரல் எழுதுபவர்கள் மட்டும் போதாது. ஒப்பந்தம், கொள்முதல் விதி, தரவு யார் கையில் இருக்கும் என்ற பொறுப்பு எல்லாம் சட்டக்காரர் மேசைக்குத்தான் வரும்.

சாதாரண வேலையும் உண்டு. இருபது பேருக்குக் குறையாமல் தொடர்ந்து கணினியில் தனிநபர் தரவுகளைக் கையாளும் ஜேர்மன் நிறுவனம் ஒவ்வொன்றும் தரவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது சட்டம். நகரசபைகளுக்கும் அது கட்டாயம்.

படிப்பு எங்கே? மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் யூரா, அதாவது சட்டம். தகவல், தொலைத்தொடர்பு, ஊடகச் சட்டத்துக்கென்றே அங்கே தனி நிறுவனம் வைத்திருக்கிறார்கள். டோர்ட்முண்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நமது மாநிலத்தில் படிப்புக் கட்டணம் 2011இலேயே நீக்கப்பட்டுவிட்டது. செமஸ்டருக்குச் சில நூறு யூரோதான், அதற்குள் ரயில் டிக்கெட்டும் அடக்கம். பாபொக் என்ற அரசின் மாணவர் உதவிப்பணம் கிடைத்தால் அதில் பாதி இனாம், மற்றப் பாதி வட்டியில்லாக் கடன், எவ்வளவு வாங்கினாலும் திருப்பிக் கட்டுவது அதிகபட்சம் 10,010 யூரோ. இதையும் முகவரின் தொகையையும் ஒரே தாளில் எழுதி அண்ணாவுக்கு அனுப்புங்கள்.

கஷ்டத்தை மறைக்க மாட்டேன். யூரா லேசு அல்ல. முதல் அரசுத் தேர்வுக்கு ஐந்து வருடம் போகும், அந்தப் புள்ளி வாழ்நாள் முழுக்கக் கூட வரும். பிறகு இரண்டு வருடப் பயிற்சி, அதற்கு மாநிலம் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கும். மொழி கூர்மையாக இருக்க வேண்டும், வாதாடப் பிடிக்க வேண்டும். நாற்பது நிமிடம் பேசிய பிள்ளைக்கு இரண்டும் இருக்கிறது.

"வக்கீல் படிப்புக்கு நம்மவர்களை யார் மதிப்பார்கள்?" என்று அண்ணா கேட்டாராம். மக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற ஒஸ்திரியப் பையனைப் பற்றி அவருக்குச் சொல்லுங்கள். 2011இல், சட்ட மாணவனாக, தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பேஸ்புக்கிடம் கேட்டான். 1,200 பக்கத்துக்கு மேல் வந்தது. 2013இல் அயர்லாந்து தரவு ஆணையத்திடம் முறையிட்டான். அந்த வழக்கால் ஐரோப்பிய நீதிமன்றம் அமெரிக்காவோடு இருந்த தரவுப் பரிமாற்ற ஏற்பாட்டை 2015இல் செல்லாது என்றது. அதற்குப் பதிலாக வந்ததையும் 2020இல் தள்ளியது. 2023இல் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 1.2 பில்லியன் யூரோ தண்டம் விழுந்ததும் அந்த முறைப்பாட்டின் தொடர்ச்சிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை உங்களுக்கும் அண்ணாவுக்கும் சேர்த்தே சொல்கிறேன். 1983 யூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடின. அதே வருடம் டிசம்பர் 15இல், கார்ல்ஸ்ரூஹே நகரில், ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் குடிசன மதிப்பீட்டு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தன்னைப் பற்றிய தகவல் யாரிடம் போகலாம் என்பதைத் தீர்மானிப்பது அந்த மனிதரின் உரிமை என்றது. ஐரோப்பாவின் தரவுச் சட்டங்களில் அந்தத் தீர்ப்பின் தடம் இன்றைக்கும் இருக்கிறது. ஒரு பட்டியல் தவறான கையில் சிக்கினால் என்ன நடக்கும் என்பதை நமது வீடுகளுக்குப் புத்தகம் சொல்லித்தரத் தேவையில்லை. உங்கள் மகளுக்கு இந்தப் படிப்பு எங்கிருந்தோ வந்த ஆசை என்று நினைக்காதீர்கள்.

மியூன்ஸ்டருக்கு விண்ணப்பம் யூலை 15க்குள் போக வேண்டும். அதற்கு முன் ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டு, மகளோடு ரயில் ஏறுங்கள். விரிவுரை மண்டபத்தில் பின்வரிசையில் அவள் இருந்து கேட்கட்டும், நீங்களும் பக்கத்தில் இருங்கள். திரும்பி வரும்போது அந்த ருமேனியக் கதையை உங்களுக்குத் தமிழில் ஒரு தரம் சொல்லச் சொல்லுங்கள்.