கரை தெரிந்த தூரத்தில்

வணக்கம் ஐயா,

ஈஸ்டர் ஞாயிறன்று யப்பான்காரர் கொழும்பில் குண்டு போட்டதை எழுதியிருந்தீர்கள். நான் கல்லடிக்காரன். எங்கள் கடலுக்குள் கிடக்கும் ஹேர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று விமானங்களாலேயே எப்படி மூழ்கியது? அவ்வளவு பேர் எப்படித் தப்பினார்கள்?

க., மட்டக்களப்பு

அன்புள்ள க.,

என் கட்டுரை 1942 ஏப்ரல் 5உடன் நின்றுவிட்டது. ஹேர்மிஸ் மூழ்கியது நான்கு நாள் கழித்து, 9ஆம் திகதி. அதை விட்டிருக்கக்கூடாது.

முந்தின நாள் யப்பான் கடற்படை வருவதை கற்றலினா என்ற கண்காணிப்பு விமானம் ஒன்று கண்டு சொன்னது. இரவோடிரவாகத் திருகோணமலைத் துறைமுகத்தைக் காலி செய்தார்கள். ஹேர்மிஸும் அவுஸ்திரேலியாவின் வம்பயர் என்ற நாசகாரிப் போர்க்கப்பலும் கரையோரமாகத் தெற்கே போயின. ஹேர்மிஸின் சுவோட்ஃபிஷ் விமானங்கள் திருகோணமலைச் சீனக்குடா விமானத்தளத்திலேயே நின்றுவிட்டன. விமானந்தாங்கியில் ஒரு விமானமும் இல்லை. இருந்திருந்தாலும் அவை கப்பல்களைத் தாக்க ரோப்பீடோ போடுகிறவை, சண்டை விமானங்கள் அல்ல. தேவைப்பட்டது மேலே காவல். ரத்மலானையிலிருந்து ஃபுல்மார் என்ற சண்டை விமானங்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

காலையில் திருகோணமலைக்குத் திரும்பும் வழியில் இரண்டு கப்பல்களும் எதிரியின் கண்ணில் பட்டன. பத்தரை மணியளவில் எண்பதுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள். இருபது நிமிடமளவில் ஹேர்மிஸ் தாண்டுவிட்டது. அதன் கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். வம்பயரும் அங்கேயே தாண்டது. அதன் தளபதி மோரனும் போய்விட்டார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எனக்கு அதுதான் பெரிது. அந்த வழியாக வீற்றா என்ற மருத்துவமனைக் கப்பல் வந்துகொண்டிருந்தது. யப்பான் விமானிகள் அதைத் தொடவில்லை. எண்ணெய் படர்ந்த தண்ணீரிலிருந்து அறுநூறு பேரளவில் அது தூக்கி எடுத்துக் கொழும்புக்குக் கொண்டுபோனது. கரையும் பத்துக் கிலோமீற்றருக்குள் இருந்தது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கொழும்பில் குண்டு விழுந்த அதே ஞாயிற்றுக்கிழமை இலங்கைக்குத் தென்மேற்கே டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு பிரித்தானிய குரூஸர் போர்க்கப்பல்களும் யப்பான் விமானங்களால் மூழ்கின. அவற்றில் இருந்தவர்களுக்குக் கரையும் இல்லை, வீற்றாவும் இல்லை. வெயிலிலும் எண்ணெயிலும், காயம்பட்டவர்களை நடுவில் வைத்துக்கொண்டு, முப்பது மணி நேரம் கிடந்தார்கள். மறுநாள் மாலை கப்பல்கள் வந்தபோது 1,122 பேர் உயிரோடு இருந்தார்கள். 424 பேர் இல்லை. அந்த ஓரிரவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஹேர்மிஸ் இன்று ஐம்பது மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. முக்குளிக்கிறவர்கள் தேடி வருகிறார்கள். அது நூற்றுக்கணக்கானோரின் புதைகுழி. அங்கிருந்து ஒரு துண்டு இரும்பையும் யாரும் எடுக்கக்கூடாது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அன்று கரையில் நின்று புகையைக் கண்டவர்களின் பிள்ளைகள் உங்கள் பக்கம் இன்னும் இருப்பார்கள். வீட்டில் என்ன கேட்டு வளர்ந்தார்கள் என்று விசாரித்து, அவர்கள் பேசுகிற பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள்.