பேஸ்பால் அணி மைதானம் கட்டிக் கொடுத்தால் சிறுவர் விளையாட்டு வளர்ந்துவிடுமா?

மைதானம் தேவைதான், அது மட்டும் போதாது. லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் அறக்கட்டளை வசதி குறைந்த பகுதிகளில் ‘ட்ரீம்ஃபீல்ட்ஸ்’ என்ற பெயரில் மைதானங்கள் அமைக்கிறது. கூடவே சிறுவர் லீக்குகளுக்குச் சீருடை, உபகரணம், பயிற்சியாளர்களுக்குப் பயிற்சி எல்லாம் தருகிறது. அதுதான் சரியான வழி.

முதலில் அளவு. 12 வயது வரை பேஸ்களுக்கு (ஓடுபவர் தொட்டுச் செல்லும் இடங்கள்) இடையே 60 அடி, பந்தெறியும் தூரம் 46 அடி. பெரியவர்களுக்கு 90 அடி, 60 அடி 6 அங்குலம். அந்த மைதானத்தில் சின்னப் பிள்ளைகளை விட்டால் எறியும் பந்து பேஸ் வரை போய்ச் சேராது, ஆர்வமும் வடிந்துவிடும்.

திறப்பு விழாவுக்குப் பிறகு கெடுவது பெரும்பாலும் மண்ணும் புல்லும் சேரும் ஓரம். தரையை இழுத்துச் சமன்செய்யும்போது மண் அங்கே ஒதுங்கி மேடாகும். அதில் பட்ட பந்து முகத்துக்கு எகிறும், மழைநீரும் தேங்கும். துடைப்பத்தாலோ தண்ணீரைப் பீய்ச்சியோ அந்த மண்ணை அடிக்கடி தள்ள வேண்டும். இதற்கான ஆளும் பணமும் மைதானம் கட்டும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

பயிற்சியாளருக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டியது, பந்தெறியும் கணக்கு. அமெரிக்க பேஸ்பால் அமைப்புகளின் ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டுதலில் 9-10 வயதுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 75 எறிதல், 11-12 வயதுக்கு 85. ஒரே நாளில் 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் 4 நாள் ஓய்வு. இரண்டு அணிகளில் ஆடும் பிள்ளைக்கு இரண்டு கணக்கையும் கூட்டிப் பாருங்கள். முழங்கை கெடுவது இங்கேதான்.