சிரிப்பு ஸ்டிக்கர் மட்டும்தான்

ஐயா,
என் மகன் தரம் 10. அவனுடைய ரியூஷன் வகுப்பு வட்ஸ்அப் குழுவில், அட்டனிலிருந்து புதிதாக வந்த பையனின் குரல் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டு, ‘தோட்டக்காட்டான்’ என்று பகிடி பண்ணியிருக்கிறார்கள். அந்தப் பையன் இப்போது வகுப்புக்கே வருவதில்லை. என் மகன் ஒன்றும் எழுதவில்லை, சிரிப்பு ஸ்டிக்கர் மட்டும்தான் போட்டானாம். போனைப் பறித்து வைத்திருக்கிறேன். சரிதானே?
ஒரு தாய், வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

‘மட்டும்தான்’ என்ற சொல்லில் எனக்குக் கால் தடுக்கியது.

பின்லாந்து ஆய்வாளர் கிறிஸ்டினா சால்மிவாலியும் குழுவினரும் 1996இல், வகுப்பில் ஒருவனைச் சீண்டும்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். கூடச் சேர்பவன், சிரித்து உசுப்பிவிடுபவன், ஒதுங்கி நிற்பவன், காப்பாற்றப் போகிறவன். உங்கள் மகன் இரண்டாமவன். சிரிக்க ஆளில்லாத பகிடி அதிக நேரம் ஓடாது. பள்ளிக்கூடத்துச் சிரிப்பாவது மணி அடித்ததும் கலையும். வட்ஸ்அப்பில் அது அப்படியே கிடக்கும், யார் யார் சிரித்தார்கள் என்ற பெயர்களோடு.

இலங்கையில் கல்வி நிறுவனங்களில் பகிடிவதையை (ராகிங்) தடுக்க 1998லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சொல்லைப் பாருங்கள், வதைக்கு முன்னால் பகிடியை ஒட்டி வைத்திருக்கிறோம்!

இனி ‘தோட்டக்காட்டான்’ என்ற அந்த வசவு. மலையகத் தோட்டத்து மக்களை இழிவாகச் சொல்லும் சொல் அது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் அதை எங்கே பொறுக்கினார்கள்? என் சிறுவயதில் அது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. 1948இல் மலையகத்தாரின் குடியுரிமையைப் பறித்த அரசைத் திட்டிய அதே வாயால், கடைக்கு ஓடும் பொடியனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நானும் சிரித்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது சொல்வதுண்டா? குற்றம் சாட்டவில்லை, கேட்கிறேன்.

போனைத் திருப்பிக் கொடுங்கள். பறித்தால் அடுத்த முறை உங்களிடம் சொல்லமாட்டான், அவ்வளவுதான் நடக்கும். கனடாவில் பள்ளி விளையாட்டிடங்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள்: இன்னொரு பிள்ளை குறுக்கே போனபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் பத்து விநாடிக்குள் சீண்டல் நின்றிருக்கிறது. வட்ஸ்அப் விளையாட்டிடம் இல்லைதான். குழுவில் எல்லோர் முன்னிலையிலும் எதிர்த்து எழுதச் சொன்னால் அவன் பயப்படுவான், அது நியாயமான பயம். ஸ்டிக்கரை அழிக்கட்டும். தொந்தரவு தொடர்ந்தால் 1929க்கு அழைக்கலாம், சிறுவர்களுக்கான இலக்கம்தான் அது.

அதற்கு முன், அந்தப் பையனுக்குத் தனியாக ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள்: “நான் சிரிச்சது பிழை. சனிக்கிழமை வா, பக்கத்தில இடம் பிடிச்சு வைக்கிறன்.”